துரும்பென மதித்தல்

துரும்பென மதித்தல் என்பது அஞ்சத்தக்க ஒன்றைச் சிறிதும் பொருட்படுத்தாது எதிர்த்து நிற்பதைக் குறிக்கும் தமிழ் மரபுத்தொடர் ஆகும். துரும்பு என்பது வைக்கோல் அல்லது உலர்ந்த புல்லின் சிறு துண்டு. துச்சமென மதித்தல், தூசென மதித்தல் ஆகியனவும் இதே பொருளில் வழங்குகின்றன. ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று, வீரனுக்கு இறப்பையும் துறவிக்கு அரசனையும் துரும்பாகக் கூறுகிறது.

பொருட்படுத்தப்படாதது உண்மையிலேயே வலியதாக இருந்தால்தான் இத்தொடர் பொருந்தும். தலைக்கவசமின்றி வண்டி ஓட்டுபவர் உயிரைத் துரும்பென மதித்தார் என எழுதுவது பிழை. அது வெறும் கவனக்குறைவே.

ஆங்கிலத்தில் இதற்கு நெருங்கியது 'டார்பிடோக்கள் நாசமாகட்டும்' என்னும் பொருள்படும் தொடர். ஆகஸ்ட் 5, 1864 அன்று மொபைல் விரிகுடாப் போரில், முன்சென்ற கப்பல் கண்ணிவெடியால் மூழ்கிய பின்னும் முன்னேற ஆணையிட்ட அமெரிக்கக் கடற்படைத் தளபதி பாரகட் இவ்வாறு கூறியதாகச் சொல்லப்படுகிறது. அக்காலத்தில் கடற்கண்ணிவெடிகளே டார்பிடோ எனப்பட்டன. ஆங்கிலத் தொடர் இடரைச் சபிக்கிறது. தமிழ்த் தொடரோ அதை எடையற்றதாக்குகிறது.

தமிழகத்தில் இத்தொடருக்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுபவர் திருப்பூர் குமரன். சென்னிமலையில் நெசவாளர் குடும்பத்தில் 1904 இல் பிறந்த இவர், திருப்பூரில் பஞ்சு ஆலை ஒன்றில் பணியாற்றினார். ஜனவரி 4, 1932 அன்று காந்தி கைதானதைத் தொடர்ந்து நாடெங்கும் போராட்டம் மூண்டது. ஜனவரி 10 அன்று திருப்பூரில் தடையை மீறி நடந்த ஊர்வலத்தில் குமரன் கொடியேந்திச் சென்றார். காவலர் தடியடியில் மண்டை உடைந்து வீழ்ந்தபோதும் கொடியை விடவில்லை. உயிரைத் துரும்பாக்கிய அவருக்கு, ஒரு துண்டுத் துணி அவ்வாறு ஆகவில்லை. மறுநாள் தமது 27 ஆம் அகவையில் மருத்துவமனையில் இறந்தார். கொடி காத்த குமரன் என்ற பெயர் இதனால் ஏற்பட்டது.