கதவில்லாத வீடுகள்

பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் அன்றாடம் சென்று வரும் நமக்குக் குமணன்சாவடியும் கரையான்சாவடியும் பேருந்து நிறுத்தங்களின் பெயர்கள் மட்டுமே. இப்பெயர்களின் பிற்பகுதியில் பழைய வாழ்வொன்று ஒளிந்திருப்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. சாவடி என்பது வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் பொது இடம். ஊர்க் கூட்டம் கூடுவதற்கும், சுங்கம் வாங்குவதற்கும் அதுவே இடமாயிற்று. சென்னைக் கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பூவிருந்தவல்லி, கால்நடையாகச் செல்வோருக்கு ஏறத்தாழ ஒருநாள் வழி. அந்தி சாயும் வேளையில் நடந்து களைத்தவர்க்கு ஒரு கூரை வேண்டும். அந்தத் தேவையே சாவடிகளைப் பிறப்பித்தது.

எனினும் சமவெளியில் சாவடி இல்லாவிட்டால் மரத்தடியுண்டு; திண்ணையுண்டு. மலையிலோ நிலைமை வேறு. அங்கே மழையும் குளிரும் பனிமூட்டமும் மனிதனைத் தனியனாக்கி விடுகின்றன. ஒரு கூரை இருப்பதும் இல்லாதிருப்பதும் அங்கே உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட வேறுபாடாகி விடுகிறது. ஆதலால் வழிப்போக்கர் விடுதியின் முழுப் பொருளையும் அறிய விரும்புவோர் மலைகளின் வரலாற்றையே நாட வேண்டும்.

நமக்கு அண்மையில் அத்தகைய மலையொன்று இலங்கையில் இருக்கிறது. 2,243 மீட்டர் உயரமுள்ள அதன் உச்சியில், பாறையில் பாதச்சுவடு போன்ற ஒரு பள்ளம் காணப்படுகிறது. பௌத்தர் அதனைப் புத்தரின் பாதம் என்பர். சைவர் சிவபெருமானின் பாதம் என்று சிவனொளிபாத மலை எனப் பெயரிட்டனர். இசுலாமியர் ஆதி மனிதன் ஆதாமின் சுவடு என்றனர். கிறிஸ்தவர்களில் சிலர் புனித தோமையாரோடு அதனைத் தொடர்புபடுத்தினர். எவருடைய பாதமாயினும், அதனைக் காண ஏறுவோரின் கால்கள் ஒரே விதமாகவே வலித்தன.

இவ்வலியை உணர்ந்த மன்னர் ஒருவரைச் சூளவம்சம் என்னும் இலங்கை வரலாற்று நூல் காட்டுகிறது. 1055 முதல் 1110 வரை ஆண்ட முதலாம் விஜயபாகுவே அவர். 1070-இல் சோழர் ஆட்சியைப் பொலன்னறுவையிலிருந்து அகற்றியவர் என்றே நம் வரலாற்று நூல்கள் அவரைப் பேசும். அவருடைய மற்றொரு செயலும் அறியத் தக்கது. மலைக்குச் செல்லும் வழிகளில் யாத்திரிகர் படும் துன்பத்தைக் கண்ட அவர், அவர்களுக்கு உணவளிக்கவென்று கிலிமலே என்னும் ஊரை மானியமாக வழங்கினார். ஏனைய வழிகளுக்கும் அவ்வாறே ஊர்களை ஒதுக்கினார். கூரை எழுப்பினால் மட்டும் போதாது, நாள்தோறும் அடுப்பெரிய நிலையான வருவாயும் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். 13-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பராக்கிரமபாகுவின் அமைச்சர் தேவபதிராஜர் அதே மலைவழியைச் செப்பனிட்டுப் பாலங்களும் தங்கும் மண்டபங்களும் அமைத்தார்.

வழியோர மண்டபத்தைச் சிங்களத்தில் அம்பலம என்பர். பொதுவிடத்தைக் குறிக்கும் நம் அம்பலம் என்னும் சொல்லின் உறவு அதில் விளங்குகிறது. மரத்தூண்கள், மேலே ஓடு, சுற்றிலும் அமர்வதற்கான தாழ்ந்த சுவர்: பழைய அம்பலங்கள் பலவற்றின் அமைப்பு இவ்வளவே. கதவு என்பதே அவற்றில் இல்லை. கதவில்லாத வீட்டில் 'யார் நீ?' என்று கேட்டுத் தடுப்பதற்கு ஏது இடம்?

1344-இல் இம்மலையில் ஏறிய மொராக்கோ நாட்டுப் பயணி இபுனு பதூதாவின் குறிப்புகள் நமக்கு இன்னொரு காட்சியைத் தருகின்றன. இசுலாமியரான அவர் புத்தளத்தில் தமிழ் மன்னர் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, மலையேற விரும்புவதாகக் கூறினார். மன்னர் பல்லக்கு அளித்ததுடன், யோகியரையும் அந்தணரையும் வழித்துணையாகவும், 15 பேரை உணவு சுமப்போராகவும் அனுப்பி வைத்தார். உச்சிக்குச் சற்றுக் கீழே ஹிள்ர் நபியின் பெயரால் வழங்கிய ஒரு குகை இருந்தது. யாத்திரிகர் தம் உடைமைகளை அங்கே வைத்துவிட்டு, மூன்று நாள் தங்கி, காலையும் மாலையும் உச்சிக்குச் சென்று வருவது வழக்கம் என்று அவர் எழுதுகிறார். மலையேறுவோர் விடுதிக்கு இதனினும் தெளிவான பழஞ்சான்று வேறென்ன வேண்டும்?

விஜயபாகு வாழ்ந்த அதே 11-ஆம் நூற்றாண்டில், பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், அவரை அறியாத குரு ஒருவர் அதே பணியைச் செய்துகொண்டிருந்தார் என்பது வியப்புக்குரியது. இத்தாலியின் ஆவோஸ்தா மறைமாவட்டத்தின் தலைமைத் தியாக்கோனாயிருந்த புனித பெர்னார்து, ஏறத்தாழ 1050-இல் ஆல்ப்ஸ் மலைக் கணவாயில் விடுதி ஒன்றை நிறுவினார். 2,469 மீட்டர் உயரத்திலுள்ள அவ்விடத்தில் ஆண்டின் பெரும்பகுதி உறைபனி மூடியிருக்கும். கள்வர் பயமும் அவ்வழியில் மிகுதி. அவருக்குப் பின் புனித அகுஸ்தினார் ஒழுங்கைப் பின்பற்றும் துறவியர் தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்து, பனியில் சிக்கியோரைத் தேடிச் சென்று மீட்டனர். அவர்கள் வளர்த்த நாய்களுள் பாரி என்பது 1800 முதல் 1814 வரை வாழ்ந்து, 40-க்கும் மேற்பட்டோரைக் காப்பாற்றியதாகக் கூறப்படுகிறது. மீட்க இயலாமற் போனவர்களின் உடல்களையும் துறவியர் கைவிடவில்லை. உறவினர் என்றேனும் வந்து அடையாளம் காணக்கூடும் என்று, அவற்றைத் தனி அறையில் பாதுகாத்தனர். பெயர் தெரியாத பிணமும் அவர்களுக்கு விருந்தினரே.

அவ்விடுதியின் விருதுவாக்கு, இங்கே கிறிஸ்து ஆராதிக்கப்படுகிறார், உணவூட்டவும் பெறுகிறார் என்ற பொருளுடையது. ஆராதனை கோவிலிலும் உணவு அடுக்களையிலும் என்று நாம் பிரித்துவிடும் இரண்டையும் அத்துறவியர் ஒரே கூரையின் கீழ்ச் சேர்த்து வைத்தனர். 1964-இல் மலைக்கடியில் சுரங்கச் சாலை திறக்கப்பட்டதும் வண்டிகள் அவ்வழியே சென்றுவிட்டன. எனினும் விடுதி மூடப்படவில்லை. நடந்தும் பனிச்சறுக்கியும் வருவோரை இன்றும் ஏற்றுக்கொள்கிறது.

மலையேற்றம் ஒரு கலையாகவும் விளையாட்டாகவும் வளர்ந்தது 19-ஆம் நூற்றாண்டில்தான். 1863-இல் தொடங்கப்பெற்ற சுவிஸ் மலையேறுவோர் கழகம் அதே ஆண்டில் தன் முதற் குடிலைத் தோடி மலையில் அமைத்தது. 1889-இல் மோந்தே ரோசா மலையில் ஏறிய அக்கில்லே ராத்தி என்னும் இளங்குரு, கொடுங்குளிரில் ஒரு பாறை விளிம்பில் இரவைக் கழிக்க நேர்ந்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1893-இல், அதே மலைத்தொகுதியில் 4,554 மீட்டர் உயரத்தில் மார்கெரீத்தா குடில் திறக்கப்பட்டது. அக்குருவே பின்னாளில் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் ஆனார். 1923-இல் புனித பெர்னார்தை மலையேறுவோரின் பாதுகாவலராக அவர் அறிவித்தார். கூரையில்லாத இரவின் குளிரை அறிந்தவரே, கூரை தந்தவரைப் போற்றினார்.

இவ்வளவும் நம் உள்ளத்துக்கு இதமான வரலாறு. ஆயினும் வரலாறு இதமானவற்றை மட்டும் கூறுவதில்லை. விஜயபாகுவின் அறச்செயல்களைக் கூறும் அம்பகமுவ கல்வெட்டிலேயே மற்றொரு செய்தியும் உண்டு. தாழ்ந்த குலத்தார் எனப்பட்டோர் நின்று வணங்குவதற்கெனப் பாதச்சுவடுக்குக் கீழே தனி மேடை கட்டப்பட்டதாம். பசிக்கு உணவளித்த அதே கை, உச்சியில் ஒரு எல்லைக்கோடும் வரைந்தது. நம் தமிழ் நாட்டுச் சத்திரங்கள் பலவற்றிலும் இன்னாருக்கு உள்ளே, இன்னாருக்கு வெளியே என்ற முறை இருந்தது. இதைச் சொல்லிப் பிறரைக் குறை கூற நமக்குத் தகுதியில்லை. இறந்தோரைக் கூடப் பிரித்து வைக்கும் நடுச்சுவர் நம் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் எழுந்ததும் வரலாறுதானே! கூரை எழுப்புவது எளிது. அதன் கீழே எல்லாரையும் ஒன்றாக அமரச் செய்வதே அரிது என்பதை ஒன்பது நூற்றாண்டுப் பழமையான அக்கல்வெட்டு நமக்கு உணர்த்துகிறது.

1960-களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் உருவானபோது, பல மாவட்டங்களிலிருந்து வேலை தேடி மக்கள் இங்கு வந்து குடியேறினர். நம்மில் பலருடைய பெற்றோரும் பாட்டனாரும் அவ்வாறு வந்தவர்களே. முன்பின் அறியாத யாரோ ஒருவர் திண்ணையையோ ஓர் அறையையோ அவர்களுக்குத் தந்ததால்தான் நாம் இன்று இவ்வூர்க்காரர்களாயிருக்கிறோம். இன்று அதே தொழிற்பேட்டைக்குப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் இளைஞர்கள் வருகிறார்கள். தென் மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. 'வீடு வாடகைக்கு' என்ற பலகையைக் கண்டு படியேறும் அவர்களிடம், வாடகையைக் கூறுவதற்கு முன்பே, 'நீங்கள் எந்த ஆட்கள்?' என்ற கேள்வி கேட்கப்படுகிறது. கேட்பவர்களில் நாமும் இல்லையா?

மலையுச்சியில் விடுதி அமைக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டப்போவதில்லை. நம் வாயிற்படியோ நம்மிடமே இருக்கிறது. பனிமலைத் துறவியர் கதவைத் தட்டியவனிடம் முதலில் கேட்டது அவனுடைய குலத்தையன்று, அவனுடைய களைப்பையே. சாவடி என்னும் பெயரைத் தாங்கிய ஊர்களில் வாழும் நாம், அடுத்தமுறை ஒருவர் நம் படியேறி வரும்போது, முதலில் என்ன கேட்கப் போகிறோம்?