பொம்மைக்கு வலிக்குதாம்! மருத்துவமனைக்குள் பாவை வந்த வரலாறு

தேக்காவிலிருந்து பொடிநடையாகப் போய்ச் சேரும் தூரத்தில் இருக்கிறது கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனை. ‘கேகே’ என்றால் கண்டாங் கெர்பாவ். மலாய் மொழியில் எருமைத் தொழுவம். லிட்டில் இந்தியாவில் மாட்டு வணிகம் நடந்த காலத்தின் மிச்சம் அந்தப் பெயர். 1924இல் பிரசவ மருத்துவமனையாக மாறிய அங்கே, 1966ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. நம்மில் பலரும் ‘கேகே பிள்ளைங்க’தான். 1997இல் புதுக் கட்டடத்துக்கு மாறியபோது சிறுவர் மருத்துவமும் அதோடு சேர்ந்தது.

இன்று அங்கே டாக்டர், தாதியரோடு ‘சைல்ட் லைஃப்’ சிகிச்சையாளர்களும் பணிபுரிகிறார்கள். விளையாட்டுதான் அவர்களின் கருவி. ஊசி எப்படிப் போடுவார்கள், மயக்க மருந்து முகமூடி எப்படி இருக்கும் என்பதையெல்லாம் பிள்ளைக்கு விளையாட்டாகவே புரிய வைக்கிறார்கள். இது இன்று சாதாரணமாகத் தெரியலாம். ஆனால் இந்த இடத்துக்கு வர மருத்துவ உலகம் நெடுந்தூரம் நடக்க வேண்டியிருந்தது.

1936இல் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையைச் சேர்ந்த மனநல மருத்துவர் லொரெட்டா பெண்டரும் பொம்மலாட்டக்காரர் அடால்ஃப் வோல்ட்மனும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மனநலப் பிரிவிலிருந்த பிள்ளைகளுக்குக் கைப்பாவை நாடகம் காட்டிய அனுபவம் அது. நாயகன் காஸ்பர் என்ற குறும்புக்காரப் பையன். அவனை மிரட்ட ஒரு முதலை! அந்தப் பிள்ளைகள் தங்கள் கோபத்தையும் பயத்தையும் காஸ்பர் மேல் ஏற்றிப் பேசினார்கள். நேரில் கேட்டால் வாயே திறக்காத பிள்ளை, பொம்மையிடம் பேசும் என்பதை மருத்துவர்கள் கண்டுகொண்டார்கள்.

அடுத்த திருப்பம் பிரிட்டனில். அப்போது பல மருத்துவமனைகளில் பெற்றோர் வந்து பார்க்கக் கடும் கட்டுப்பாடு. 1952இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் ஒரு படம் எடுத்தார். சிறிய அறுவை சிகிச்சைக்காக எட்டு நாள் தங்கிய இரண்டரை வயதுச் சிறுமி, அம்மா இல்லாமல் எப்படித் தவித்தாள் என்பதை அது அப்படியே காட்டியது. பிள்ளை சத்தமில்லாமல் இருந்தால் தேறிவிட்டது என்று அர்த்தமில்லை என்பது பலருக்கு அப்போதுதான் உறைத்தது. 1959இல் வந்த பிளாட் அறிக்கை, பெற்றோரைத் தாராளமாக அனுமதிக்கவும் விளையாட்டுக்கும் படிப்புக்கும் இடம் தரவும் பரிந்துரைத்தது. இதற்கிடையே, 1955இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் எம்மா பிளாங்க் சிறுவர் பிரிவில் விளையாட்டையும் கல்வியையும் இணைத்த திட்டத்தைத் தொடங்கினார். இன்றைய ‘சைல்ட் லைஃப்’ பணியின் முன்னோடிகளில் அவரும் ஒருவர்.

பாவை நமக்குப் புதுசா என்ன? நூலால் ஆட்டும் மரப்பாவையை வள்ளுவரே நாணுடைமை அதிகாரத்தில் உவமையாக்கியிருக்கிறார். தோல்பாவைக் கூத்தில் ராமனும் ராவணனும் மோதும்போது, இடையில் வந்து கலகலப்பாக்குவது உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும். பெரிய ஆட்கள் பேசத் தயங்குவதை அந்தக் கோமாளிகள் போட்டு உடைப்பார்கள். காஸ்பர் செய்த வேலையும் கிட்டத்தட்ட அதுதானே?

சரி, ஆசிரியர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். இருக்கிறது. வலியைச் சொல்லத் தமிழில் எத்தனை சொற்கள் பாருங்கள்: குத்துது, எரியுது, கடுக்குது, இழுக்குது, சுருக்குன்னு இருக்கு, விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது. ஒவ்வொன்றும் வேறு வேறு வலி. நம் மாணவர்கள் பலருக்கு ‘பெயின்’ என்ற ஒரு சொல்தான் தெரியும். படுக்கை அருகே பாட்டி உட்கார்ந்து, “எப்படிய்யா வலிக்குது?” என்று கேட்கும்போது பதில் சொல்ல அது போதாது.

ஒரு பாடவேளை போதும். பழைய காலுறை, இரண்டு பொத்தான், கொஞ்சம் நூல், பாவை தயார். பொம்மைக்குப் பெயர் வைப்பது பிள்ளையின் உரிமை. பிறகு பொம்மைக்கு உடம்பு சரியில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் டாக்டர், ஒருவர் அம்மா. “எங்கே வலிக்குது? எப்படி வலிக்குது?” என்று பொம்மையிடம் கேட்கட்டும். பதில் தானாக வரும்.

இரண்டு எச்சரிக்கைகள். பேச விரும்பாத பிள்ளையைத் தூண்டித் துருவ வேண்டாம். நாம் சிகிச்சையாளர்கள் அல்ல. பிள்ளை சொன்னது கவலை தந்தால் பள்ளி ஆலோசகரிடம் சொல்லுங்கள். இன்னொன்று, “ஊசி வலிக்கவே வலிக்காது” என்று பொம்மைகூடப் பொய் சொல்லக் கூடாது. “கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும், அப்புறம் சரியாயிடும்” என்று சொல்லட்டும். உண்மையைச் சொல்லும் பொம்மையைத்தான் பிள்ளை அடுத்த முறையும் நம்பும்.