நோம்பி நாளும் ஞாயிற்றுக்கிழமையும்: மண்ணரையிலிருந்து திருப்பூரின் ஓய்வு வரலாறு

திருப்பூரைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் வேலை நேரத்தில்தான் ஊருக்குள் நுழைகின்றன. எத்தனை கோடிக்கு ஏற்றுமதி, எத்தனை சாயப்பட்டறை, பீஸ் ரேட்டா ஷிப்ட் சம்பளமா என்ற கேள்விகளுக்கு நல்ல விடைகள் வந்துவிட்டன. மிஷின் நின்ற பிறகு இந்த ஊர் என்ன செய்தது, நோம்பி நாளில் எங்கே போனது என்று கேட்டவர்கள் குறைவு. ஊத்துக்குளி சாலையில் உள்ள மண்ணரையில் நின்றுகொண்டு, அந்தக் கேள்வியின் நூறாண்டுப் போக்கைத் தேடிப் பார்க்கிறது இக்கட்டுரை. இங்கே ஓய்வின் வரலாறு எந்த அளவுக்குக் கூலியின் வரலாறோ, அந்த அளவுக்குத் தண்ணீரின் வரலாறும்கூட என்பதே என் வாதம்.

மண்ணரையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நொய்யல் ஆற்றுக்கு வடக்கே, தோட்டமும் காடுமாக இருந்த ஊர் இது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதை ஊராட்சியாக இருந்தபோதே நகரத் தன்மை பெற்ற ஊராக எண்ணியது. 2008இல் திருப்பூர் மாநகராட்சியானது. 2011இல் எல்லை விரிந்தபோது வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகளோடும் நெருப்பெரிச்சல், முத்தணம்பாளையம் போன்ற ஊராட்சிகளோடும் மண்ணரையும் உள்ளே வந்தது. ஒரே தலைமுறையில் உழவன் காலண்டரிலிருந்து கம்பெனி காலண்டருக்கு மாறிய ஊர் என்பதால், மாற்றத்தின் படிகள் இங்கே இன்னும் அழியாமல் தெரிகின்றன.

பூப்பறிக்கப் போன வழி

கொங்கு நாட்டில் திருவிழா, பண்டிகை எல்லாவற்றுக்கும் நோம்பி என்றே பெயர். தீவாளி நோம்பி, மாரியம்மன் நோம்பி, பட்டி நோம்பி என்று ஆண்டு முழுக்க வரும். வேளாண்மை ஓயும் நாட்களை ஒட்டி அமைந்த நாட்காட்டி அது. இவற்றுள் ஓய்வின் வரலாற்றுக்கு மிக முக்கியமானது பூப்பறிக்கிற நோம்பி என்பேன். பொங்கல் கழிந்ததும் பெண்களும் பிள்ளைகளும் கட்டுச்சோறும் முறுக்கும் கரும்பும் எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கோ குளக்கரைக்கோ பக்கத்துக் கரட்டுக்கோ நடந்து போவார்கள். ஆவாரம்பூப் பறித்து, கும்மியடித்து, கொண்டுபோனதைப் பகிர்ந்து தின்று, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்புவார்கள். ஆடிப் பதினெட்டுக்கு மரத்தில் தூரி கட்டி ஆடுவதும், ஆற்றுத் தண்ணீரைக் கும்பிட்டு வருவதும் இதே வகை. செலவு என்று தனியாக எதுவும் இல்லை. நடந்து போகிற தூரம். கோயில் தேருக்கு ஆண்கள் வண்டி கட்டிப் போன காலத்தில், பெண்கள் தங்கள் விருப்பப்படி வெளியே போன நாள் இது. சுற்றுலா என்ற சொல் பரவுவதற்கு முன்பே இந்த மண்ணில் வெளியே போய்வரும் பழக்கம் வேரூன்றியிருந்தது.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கிவிடவும் கூடாது. பண்ணையத்தில் ஆண்டுக்கூலிக்குக் கட்டுப்பட்டிருந்த அருந்ததியர் குடும்பங்களுக்கு நோம்பி நாள் பண்ணைக்காரர் தயவில் கிடைத்தது. குளமும் கோயில் தெருவும் எல்லோருக்கும் ஒன்றுபோல் திறந்திருக்கவில்லை. பின்னாளில் இவர்களில் பலர் பனியன் கம்பெனிக்குப் போனதற்குக் கூலியோடு, பண்ணையிலிருந்து கிடைத்த விடுதலையும் ஒரு காரணம்.

தொலைவான நோம்பிகளும் உண்டு. வைகாசி விசாகத்துக்குத் திருப்பூர் விசுவேசுவரர், வீரராகவப் பெருமாள் கோயில் தேர்கள், சித்திரையில் அவிநாசித் தேர், தைப்பூசத்துக்குச் சிவன்மலை, பங்குனியில் பெருமாநல்லூர் கொண்டத்துக் காளியம்மன் குண்டம். இவை இன்றும் தொடர்கின்றன. கம்பெனிகள் எத்தனை வந்தும் அசைக்க முடியாத விடுமுறைகள் இவை.

ஞாயிறு வந்தது

1860களில் ரயில் வந்தது. 1917இல் நகராட்சி அமைந்தது. 1925இல் கல்கத்தாவிலிருந்து பின்னலாடை நுட்பம் கற்றுவந்த குலாம் காதர் முதல் பனியன் கம்பெனியைத் தொடங்கியதாகத் தொழில் வரலாறு சொல்கிறது. 1932 ஜனவரியில் கொடிகாத்த குமரன் உயிர் நீத்தபோது திருப்பூர் கதருக்கும் பஞ்சுச் சந்தைக்கும் பேர்போன ஊராகவே இருந்தது. பனியன் ஊரின் உயிர்நாடியானது அதற்குப் பிறகுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்ற ஒன்று இந்த மண்ணுக்குப் புதியது. உழவருக்கு வார ஓய்வு கிடையாது. சந்தை நாள் மட்டும் உண்டு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு, வாரத்துக்கு 48 மணி நேர உச்சவரம்பு, மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி என்று வகுத்தது. ஓர் ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு மறு ஆண்டு 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு என்றது. 1958இல் வந்த மாநிலச் சட்டத்தின்படி குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி ஆகிய நான்கோடு ஐந்து பண்டிகை நாட்களும் சம்பளத்தோடு கூடிய விடுமுறை. ஏட்டில் இவ்வளவும் இருந்தது. பத்துப் பேர் தைக்கும் பவர் டேபிள் அறைக்குள், காண்ட்ராக்டரிடம் பீஸ் ரேட்டுக்கு வேலை செய்கிற டைலரிடம், கைமடி, செக்கிங் வேலைக்கு வரும் பெண்களிடம் இந்தச் சட்டம் எந்த அளவுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதே கேள்வி. பீஸ் ரேட்டில் விடுப்பு எடுத்தால் கூலி இல்லை. அதே பீஸ் ரேட்தான் ஊரில் சாவு, சீர், நோம்பி என்றால் யாரிடமும் கேட்காமல் போகும் உரிமையையும் தந்தது. நிரந்தர வேலையைவிட இந்த வேலையைப் பலர் விரும்புவதன் காரணம் இது. இதை ஏமாளித்தனம் என்று எழுதுபவர்கள் தொழிலாளியின் கணக்கைப் புரிந்துகொள்ளவில்லை.

சனிக்கிழமைதான் வாரத்தின் முடிச்சு. அன்று மாலை சம்பளப் பட்டுவாடா. கடைக்காரர் பாக்கி, சீட்டுப் பணம், வாடகை எல்லாம் அன்றைக்குத் தீர்ந்து, மறுநாள் காலை கறி எடுத்துச் சமைத்து, பிறகு சினிமா. திருப்பூரில் சினிமா கொட்டகை வளர்ந்தது இந்த வாரச் சம்பளத்தின் தோளில் ஏறி. மாதச் சம்பளக்காரர் ஊர்களில் முதல் வாரம் மட்டும் கடைத்தெரு நிரம்பும்; இங்கே எல்லா ஞாயிறும் நிரம்பியது.

1984இல் பஞ்சப்படி கேட்டு நடந்த வேலைநிறுத்தம் 127 நாள் நீடித்தது. பஞ்சப்படிக் கோரிக்கையாகவே அது பதிவாகியிருக்கிறது. விலைவாசியோடு கூலி ஏறாவிட்டால் முதலில் வெட்டுப்படுவது ஞாயிற்றுக்கிழமைதான் என்பதால், அதை ஓய்வுக்கான போராட்டமாகவும் வாசிக்க இடமுண்டு.

ஆர்டர் எழுதிய பஞ்சாங்கம்

1970களின் இறுதியில் பனியன் வாங்க இத்தாலி வணிகர்கள் வந்தார்கள். 1985இல் சுமார் 15 கோடி ரூபாயாக இருந்த நேரடி ஏற்றுமதி பின்பு ஆயிரங்கோடிகளில் எண்ணப்பட்டது. தோட்டத்தில் உழைத்த கவுண்டர் குடும்பங்கள் டைலராக நுழைந்து முதலாளியாக உயர்ந்த கதையை ஆய்வாளர் சரத் சாரி 2004இல் வெளிவந்த தம் நூலில் விரித்திருக்கிறார். அந்த நூலின் மையச் சொல் உழைப்பு. ஓய்வையும் அதே கண்ணால் பார்த்திருந்தால் இன்னொரு பாதிக் கதையும் கிடைத்திருக்கும் என்பது என் எண்ணம்.

உள்நாட்டுப் பனியனுக்கு ஆடி கழிந்து தீபாவளி வரை சுறுசுறுப்பு. ஏற்றுமதிக்கு வேறு கணக்கு. ஐரோப்பியர் கோடை விடுமுறையில் கடற்கரையில் போடுகிற சட்டையை இங்கே மார்கழியிலும் தையிலும் மாசியிலும் தைத்தாக வேண்டும். கிறிஸ்துமஸுக்குக் கடையில் தொங்குவது புரட்டாசிக்குள் கப்பல் ஏறியாக வேண்டும். அவர்களுடைய விடுமுறைப் பருவத்துக்குச் சில மாதங்கள் முன்பாக இவர்களுக்கு ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டு, எட்டரைக்குத்தான் வெளியே வர முடியும். பொங்கல் முடிந்த மறுநாளே கம்பெனி வாசலில் ஆட்கள் தேவை என்ற பலகை தொங்குவதும், பூப்பறிக்கிற நோம்பி நகர எல்லைக்குள் மெல்ல மறைந்ததும் ஒரே பருவத்தில்தான் நிகழ்கின்றன. இதைத் தற்செயல் என்று விட்டுவிட என்னால் முடியவில்லை.

தீபாவளியோ தன் இடத்தை விட்டுக்கொடுக்காதது மட்டுமல்ல, இன்னும் பெருத்தது. மதுரை, தேனி, திண்டுக்கல், நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகும் அந்த வாரம், பேருந்து நிலையங்களில் சிறப்புப் பேருந்துகள் நிற்கும், ஊரே காலியாகும். 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் குறைந்தது 8.33 விழுக்காடு என்றது. அந்தத் தொகை தொழிலாளியின் கையில் விடுமுறையாகவே மாறுகிறது: பேருந்துக் கட்டணம், துணிமணி, பிள்ளைகளுக்குப் பட்டாசு. பண்டிகைக்குப் பிறகும் பல நாள் மிஷின்கள் ஓடாமல் கிடப்பது திருப்பூரில் வழக்கமான காட்சி. ஆண்டு முழுக்க வெட்டுப்பட்ட ஞாயிறுகளை ஒரே வாரத்தில் மொத்தமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

தண்ணீர் தொலைவானது

மண்ணரையிலிருந்து நொய்யலுக்கு நடந்தே போகலாம். ஆனால் ஆடிப் பதினெட்டுக்கு அங்கே போய்க் குளிக்க முடியாத நிலை 1980களின் பிற்பகுதியில் தொடங்கி முற்றியது. அதே ஆற்றில் பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமானது. கழிவே வெளியேறாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. இந்த வழக்கைச் சூழலியல் வரலாறாகவும் வேலையிழப்பின் வரலாறாகவும் பலர் எழுதிவிட்டார்கள். நகரத்து ஏழைக்குக் காசில்லாமல் கிடைத்த உல்லாச இடம் பறிபோன வரலாறாகவும் அதை எழுத வேண்டும்.

ஆறு கெட்டதும் தண்ணீரைத் தேடித் தூரம் போனார்கள். உடுமலைக்கு அப்பால் திருமூர்த்தி மலையின் பஞ்சலிங்க அருவி, அமராவதி அணை, கோபி பக்கம் பவானியாற்றுக் கொடிவேரி, மேட்டுப்பாளையம் தாண்டி ஊட்டி. நாலு குடும்பம் சேர்ந்து வேன் பிடித்து, விடியற்காலை புளிசாதம் கட்டிக்கொண்டு போவது கம்பெனித் தொழிலாளரின் பெரும் செலவான மகிழ்ச்சி. பட்டியலைக் கவனியுங்கள்: அத்தனையும் நீர்நிலை அல்லது நீர்நிலையுள்ள மலை. கட்டுச்சோறு அப்படியே இருக்கிறது. நடை வேனாக மாறியது, காசு புகுந்தது, பெண்கள் தாங்களாகவே முடிவெடுத்துப் புறப்பட்ட பயணம் குடும்பத் தலைவர் ஏற்பாடு செய்யும் பயணமானது. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. செக்கிங் வேலைக்குப் போகும் பெண் ஞாயிறு மாலை பிள்ளையோடு டவுனுக்குப் போய்வர யாரிடமும் காசு கேட்க வேண்டியதில்லை. இழந்த உரிமையில் ஒரு பகுதி திரும்பியது என்றே இதை மதிப்பிடுவேன்.

2023 மார்ச் மாதம் திருப்பூரின் நோம்பி நாட்காட்டி இன்னொரு பக்கமும் விரிந்துவிட்டதைக் காட்டியது. வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவிய அதே நாட்களில் ஹோலி வந்தது. திருப்பூர் ரயில் நிலையத்தில் கூடிய கூட்டம் அச்சத்தால் போகிறதா பண்டிகைக்குப் போகிறதா என்று நாடே விவாதித்தது. ஹோலியும் சத் பூஜையும் உற்பத்தித் திட்டத்தில் கணக்கிடப்படும் நாட்களாக முன்பே ஆகியிருந்தன. வெளியுலகம் அன்றைக்குத்தான் அறிந்தது. ஞாயிற்றுக்கிழமை காதர்பேட்டையையும் ரயில் நிலையச் சுற்றுப்புறத்தையும் நிறைத்து நிற்பவர்கள் இந்த வடமாநிலத் தொழிலாளர்கள். ஒடியா, இந்தி, வங்காளம் பேசும் அந்த இளைஞர்களுக்கு உட்காரப் பூங்கா கிடைப்பது அரிது. அதே ஆண்டு ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் சட்டத்திருத்தம் பேரவையில் நிறைவேறி, எதிர்ப்பு வலுத்ததால் மே நாளில் திரும்பப் பெறப்பட்டது. ஒன்றரை ஷிப்ட் ஊரில் அது நடைமுறைக்கு வந்திருந்தால் ஞாயிறு என்ற சொல்லே பொருளிழந்திருக்கும்.

மண்ணரைக்கு அருகிலேயே இன்று ஒரு நீர்நிலை மீண்டிருக்கிறது. ஊத்துக்குளி சாலையில் சர்க்கார் பெரியபாளையம் சுக்ரீஸ்வரர் கோயில் இருக்கும் அதே வட்டாரத்தில் நல்லாற்று நீர் பெறும் நஞ்சராயன் குளம், சுமார் 125 ஹெக்டேர் பரப்பில் விரிந்து கிடக்கிறது. 2022இல் தமிழகத்தின் 17ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. இமயம் தாண்டி வரும் வரித்தலை வாத்து இங்கே இறங்குகிறது. மண்ணரை மூளிக்குளத்தைத் தன்னார்வலர்கள் தூர்வாரிக் கரை கட்டியதும் இதே உணர்வில் நடந்த வேலை. பறவைகளுக்கு இடைஞ்சல் இல்லாமல், தொழிலாளர் குடும்பம் ஞாயிறு மாலை கரையில் உட்கார்ந்து சோறு பகிர்ந்து தின்னும் இடமாகவும் இவை அமைய வேண்டும்.

நோம்பி நாளில் நொய்யல் கரைக்குப் பூப்பறிக்க நடந்துபோன பெண்கள் மண்ணரையிலும் சுற்றூர்களிலும் எழுபதைத் தாண்டிய பாட்டிகளாக இன்னும் இருக்கிறார்கள். எந்த வழியாகப் போனார்கள், எந்தக் கரையில் உட்கார்ந்தார்கள், எந்த ஆண்டோடு போவதை நிறுத்தினார்கள் என்பதை அவர்கள் வாய்மொழியாகவே பதிவுசெய்ய வேண்டும். திருப்பூர்க் கல்லூரி மாணவர்கள் அந்த வேலையை இந்தப் பொங்கலுக்கே தொடங்கட்டும்.