விக்கைக் கழட்டி வீசிய தளபதி... வகாண்டாவில் உடைதான் கவசம்!

'பிளாக் பேந்தர்' (2018) பார்த்தவங்களுக்கு அந்த சீன் மறந்திருக்காது. தென் கொரியாவின் பூசான் நகரில், ஒரு ரகசிய சூதாட்ட விடுதி. யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதுன்னு தலையில் விக் மாட்டிக்கிட்டு உள்ளே போவார் தளபதி ஒக்கோயே. முகத்தில் எரிச்சல் அப்பட்டமா தெரியும். சண்டை ஆரம்பிச்சதும் முதல் வேலையா அதைக் கழட்டி எதிரி மூஞ்சியிலேயே வீசுவார். தியேட்டரில் சிரிச்சிருப்பீங்க. ஆனா, அவங்க ஊர் வழக்கப்படி மொட்டைத் தலைதான் அந்தப் பதவிக்கான கௌரவம். விக் அவருக்கு அவமானம்!

வகாண்டா 1966-ல் ஸ்டான் லீ, ஜாக் கிர்பி கூட்டணி காமிக்ஸில் உருவாக்கிய கற்பனை நாடு. படத்தில் அதற்கு உடை தைத்தவர் ரூத் ஈ. கார்ட்டர். அவர் பிடித்த நூல் ஒண்ணுதான்: இந்த ஊரில் உடை வேற, கவசம் வேற இல்லை.

அரசரைக் காக்கும் பெண்கள் படையான டோரா மிலாஜேயைப் பாருங்க. காமிக்ஸில் ஆரம்பத்தில் இவங்களுக்குக் குட்டை உடையும் ஹீல்ஸும்தான். அதைப் போட்டுக்கிட்டு யாரால ஓட முடியும்? படத்தில் கழுத்து முதல் கால் வரை மூடிய சிவப்பு உடை, அதன் மேல் மணி வேலைப்பாடு, தோள் கவசம், தட்டையான ஷூ. அந்தச் சிவப்புக்குப் பின்னால் இருப்பவர்கள் கிழக்கு ஆப்பிரிக்காவின் மாசாய் மக்கள். கழுத்து வளையங்கள் தென்னாப்பிரிக்காவின் இண்டெபெலே பெண்களுடையவை. வீராங்கனைகளுக்கு வெள்ளி நிறம், தளபதிக்கு மட்டும் தங்க நிறம்.

இண்டெபெலே வழக்கில் அந்த வளையம் கணவனிடம் இருக்கும் பிணைப்பின் அடையாளம். ஒக்கோயே கழுத்தில் அதுவே அரியணையிடம் இருக்கும் பிணைப்பாகுது. கிளைமாக்ஸில் அவர் ஈட்டியை நீட்டுவது யார்கிட்டன்னு ஞாபகம் இருக்கா? நீலப் போர்வை போர்த்திய தன் காதலன் வகாபியிடம்!

அந்தப் போர்வைக்கும் ஒரு கதை இருக்கு. எல்லைக் காவல் குலத்தினர் அதை உதறினால் கேடயமாக மாறும். அந்தக் கேடயம் கற்பனை, போர்வை நிஜம். தென்னாப்பிரிக்காவுக்கு நடுவில் தீவு மாதிரி இருக்கும் மலை நாடு லெசோதோ. மொத்த நாடும் 1,000 மீட்டருக்கு மேல் என்பதால் குளிர் எலும்பைத் தொடும். அங்குள்ள பசோத்தோ மக்களுக்குக் கம்பளிப் போர்வை குளிருக்கு மட்டுமல்ல, மரியாதைக்கும்தான். திருமணம், குழந்தைப் பிறப்பு, இளைஞன் ஆளாகும் சடங்குன்னு ஒவ்வொன்றுக்கும் போர்வை உண்டு. சிலவற்றில் மக்காச்சோளக் கதிர் நெய்திருப்பாங்க, செழிப்புக்கு அடையாளமா. படத்துக்காக கார்ட்டர் செய்தது, அதன் ஒரு பக்கத்தில் வைப்ரேனியம் போல வெள்ளி நிற டிசைன் அச்சிட்டதுதான்.

ராணி ரமோண்டாவின் கிரீடம், ஜூலூ இனத்தின் திருமணமான பெண்கள் அணியும் 'இசிகோலோ' தொப்பி. அதை 3டி பிரின்டரில் எடுத்தவர் ஆஸ்திரிய வடிவமைப்பாளர் ஜூலியா கோர்னர். சபையில் செம்மண் பூசிய சடையோடு உட்கார்ந்திருக்கும் அம்மா, நமீபியாவின் ஹிம்பா பெண்களின் சாயல். 2019-ல் சிறந்த உடை வடிவமைப்புக்கான ஆஸ்கர் கார்ட்டருக்குப் போனதில் ஆச்சர்யமே இல்லை.

ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி வாழும் மக்களின் உடைகளை ஒரே ஊரில் கலக்கலாமான்னு கேட்டா, கேள்வி நியாயம்தான். கற்பனை ஊர் என்பதால் நான் விட்டுடுவேன். ஆனா காஸ்ப்ளேவுக்காக நீங்க அந்தப் போர்வையைப் போர்த்தினா, போட்டோ கேப்ஷனில் 'வகாண்டா போர்வை'ன்னு போடாதீங்க. பசோத்தோ போர்வைன்னே போடுங்க.

அடுத்த முறை ஓ.டி.டி-யில் பார்க்கும்போது பூசான் காட்சியில் கொஞ்சம் பாஸ் பண்ணுங்க. ஒக்கோயே சிவப்பு, டிச்சாலா கறுப்பு, நாக்கியா பச்சை. 1920-ல் கறுப்பின மக்களின் ஒற்றுமைக்காக உருவான பான்-ஆப்பிரிக்கக் கொடியின் மூன்று நிறங்களும் இதுதான்.