தளவாரி அனுமதி: உலாவி நீட்சிகள் வகுத்த வழி

கணினிப் பாதுகாப்புக்கான அடிப்படை நெறிகளை ஜெரோம் சால்ட்ஸரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் வகுத்துத் தந்தனர். வெளிப்படையாக அனுமதிக்கப்படாத எதுவும் மறுக்கப்பட்டதாகவே இருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பாதுகாப்பு ஏற்பாடு மனிதர்கள் எளிதில் கையாளும்படி அமைய வேண்டும், இல்லையேல் அதைத் தவறாகவே பயன்படுத்துவார்கள் என்பது மற்றொன்று. இருபது ஆண்டுகள் கழித்துப் பரவிய இணைய உலாவிகள், இரண்டாம் நெறியைக் காரணம் காட்டி முதல் நெறியைக் கைவிட்டன. தளங்கள் தடையின்றி இயங்கினால்தான் பயனருக்கு எளிது என்று கருதி, எல்லாவற்றையும் இயல்பாகவே அனுமதித்தன. இவ்விரு நெறிகளும் ஒன்றுக்கொன்று பகையல்ல. பயனர் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியே விதி வகுத்து, உலாவி அதை நினைவில் வைத்திருந்தால் இரண்டும் ஒருசேர நிறைவேறும். இதைச் செய்து காட்டியவை பெரும்பாலும் தனி நிரலர்கள் எழுதிய நீட்சிகளே என்பதும், உலாவி நிறுவனங்கள் பிந்தியே அந்த வழிக்கு வந்தன என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கத்தை நோக்கினால், அனுமதி என்ற எண்ணம் உலாவிகளுக்கு முற்றிலும் அந்நியமாக இருக்கவில்லை என்பது தெரியும். பிரெண்டன் ஐக் 1995இல் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட், நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2.0 வழியாக மக்களிடம் வந்தது. ஒரு தளத்தின் நிரல் இன்னொரு தளத்தின் தரவைத் தொடக்கூடாது என்ற ஒரே மூலக் கொள்கையும் அதே காலத்தில்தான் தோன்றியது. ஆனால் அது தளங்களை ஒன்றிடமிருந்து ஒன்று காத்ததே தவிர, ஒரு தளம் பயனரின் கணினியில் எந்த அளவுக்கு இயங்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமையைப் பயனருக்குத் தரவில்லை. மைக்ரோசாஃப்ட் 1997இல் வெளியிட்ட இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4, தளங்களை நம்பகமானவை, கட்டுப்படுத்தப்பட்டவை என மண்டலங்களாகப் பிரிக்க வழி செய்தது. கொள்கையளவில் இது தளவாரி அனுமதியே. எனினும் எந்த மண்டலத்திலும் சேர்க்கப்படாத தளங்கள் தாராளமான பொது மண்டலத்தில் விழுந்தன. அவற்றை மாற்றும் வசதி அமைப்புப் பக்கங்களின் ஆழத்தில் கிடந்தது. தளங்கள் பயனரின் உலாவியில் சேமித்துவைக்கும் சிறு தரவுத் துணுக்குகளான குக்கிகளின் கதையும் இத்தகையதே. 1997 பிப்ரவரியில் வெளிவந்த ஆர்எஃப்சி 2109 என்ற இணையத் தர ஆவணம், மூன்றாம் தரப்புக் குக்கிகளை உலாவிகள் இயல்பாக ஏற்கக்கூடாது என்று கூறியது. அக்கால முன்னணி உலாவிகள் அதைப் பின்பற்றவில்லை. நெறி எழுத்தில் இருந்தும் நடைமுறைக்கு வராததற்கு, அதைப் பயனரின் கைக்கு எட்டும் இடத்தில் வைக்க யாரும் முன்வராததும் ஒரு காரணம்.

அந்த இடைவெளியில்தான், உலாவியில் கூடுதலாக நிறுவும் சிறு நிரல்களான நீட்சிகள் நுழைந்தன. இத்தாலிய நிரலர் ஜார்ஜியோ மவோனே 2005இல் மோசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்காக வெளியிட்ட நோஸ்கிரிப்ட், எந்தத் தளத்தின் நிரலும் பயனர் அனுமதிக்கும்வரை இயங்காது என்ற நிலையை இயல்பாக்கியது. நிரலைத் தடுத்ததைவிட முக்கியமானது, அனுமதிக்கும் செயலை அது எளிதாக்கிய முறை. பக்கத்தில் எந்தெந்தத் தளங்களின் நிரல்கள் காத்திருக்கின்றன என்று அது பட்டியலிட்டது. தற்காலிகமாகவோ நிலையாகவோ ஒவ்வொன்றையும் அனுமதிக்க ஒரு சொடுக்குப் போதும். மறுத்தலை இயல்பாகவும் அனுமதித்தலை எளிதாகவும் வைத்த இந்த அமைப்பில், 1975ஆம் ஆண்டின் இரு நெறிகளும் ஒன்றாக இயங்கின. அடுத்த ஆண்டு ஓபரா 9, தளந்தோறும் தனி விருப்பங்களை வகுக்கும் வசதியை உலாவிக்குள்ளேயே தந்தது. ஆயினும் இயல்புநிலை அங்கே அனுமதியாகவே தொடர்ந்தது.

நீட்சிகளின் அடுத்த தலைமுறை கேள்வியை இன்னும் நுணுக்கமாக்கியது. ஜஸ்டின் சாமுவேல் 2008இல் வெளியிட்ட ரிக்வெஸ்ட்பாலிசி, ஒரு தளம் வேறொரு தளத்திலிருந்து எதையும் தருவிக்கும் முன் பயனரின் இசைவைக் கோரியது. இதனால் அனுமதியின் அலகே மாறியது. 'இந்தத் தளத்தை நம்பலாமா' என்ற கேள்வி, 'இந்தத் தளத்தில் இருக்கும்போது அந்தத் தளத்தை நம்பலாமா' என்று விரிந்தது. ரேமண்ட் ஹில் 2014இல் உருவாக்கிய யூமேட்ரிக்ஸ் இதை ஒரு கட்டமாகவே வரைந்து காட்டியது. கிடைவரிசைகளில் தளங்களும் நெடுவரிசைகளில் குக்கி, படம், ஸ்கிரிப்ட், சட்டகம் போன்ற வகைகளும் அமைய, ஒவ்வொரு கட்டத்தையும் பச்சையாகவோ சிவப்பாகவோ பயனர் மாற்றலாம். ஒரு செய்தித் தளம் தன் பெயரில் எத்தனை அயல் தளங்களை உள்ளே அழைத்து வருகிறது என்பதைச் சாதாரண வாசகர் ஒரே பார்வையில் காண அது வழிசெய்தது. கட்டுப்பாட்டுக்கு முன் தேவைப்படும் அறிவை அதே கருவி தந்தது என்பதே இதன் சிறப்பு.

இதே காலத்தில் உலாவி நிறுவனங்கள் வேறு திசையில் நடந்தன. 2009இல் ஃபயர்ஃபாக்ஸ் 3.5 இருப்பிடத் தகவலைத் தளங்களுக்குத் தரத் தொடங்கியபோது, தளம் கேட்கும் நேரத்தில் பயனரிடம் வினவும் முறையை ஏற்றது. பின்னர் கேமரா, மைக்ரோஃபோன், அறிவிப்புகள் ஆகியவற்றுக்கும் அதுவே வழக்கமாயிற்று. 2013 ஆகஸ்டில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 23, ஜாவாஸ்கிரிப்டை அணைக்கும் தேர்வுப் பெட்டியை விருப்பப் பக்கத்திலிருந்து நீக்கியது. அறியாமல் அதை மாற்றிவிடுபவருக்கு இணையமே பழுதாகத் தோன்றும் என்ற காரணத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்த நியாயம் எல்லாத் தளங்களுக்கும் ஒரே விசை இருந்ததற்கு எதிரானது. தளவாரி விசைக்கு எதிரானதன்று. வினவல் முறையின் விளைவை மோசில்லாவே அளந்தது. ஃபயர்ஃபாக்ஸ் 63இல் ஒரே மாதத்தில் காட்டப்பட்ட அறிவிப்பு வினவல்கள் 145 கோடி. ஏற்கப்பட்டவை ஏறத்தாழ 2.37 கோடி மட்டுமே. ஒன்று ஏற்கப்பட்டால் அறுபது மறுக்கப்பட்டன அல்லது புறக்கணிக்கப்பட்டன. 2020 ஜனவரியில் ஃபயர்ஃபாக்ஸ் 72, பயனர் பக்கத்தில் எதையாவது சொடுக்கும்வரை இத்தகைய வினவல்கள் மேலெழாதபடி தடுத்தது. அடுத்த மாதமே கூகுளின் குரோம் 80 அவற்றை ஓசைப்படாமல் காட்டும் முறையைக் கொண்டுவந்தது. முதல் அடியைப் பயனரே எடுக்க வேண்டும் என்ற நோஸ்கிரிப்ட்டின் நிலைப்பாட்டை, பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் நிறுவனங்கள் ஓரளவு ஏற்றுக்கொண்டன என்றே இதைக் கொள்ள வேண்டும்.

சாதாரணப் பயனருக்கு இத்தனை நுணுக்கம் சுமை என்பது இவ்வாதத்துக்கு எழும் முதல் மறுப்பு. ஆண்ட்ராய்டு செயலிகளின் அனுமதிகளைப் பற்றி ஏட்ரியன் போர்ட்டர் ஃபெல்ட்டும் உடன் ஆய்வாளர்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், நிறுவும்போது அனுமதிப் பட்டியலைக் கவனித்தவர்கள் 17 விழுக்காட்டினரே. எனினும் அந்தச் சான்று, வேறொரு வேலையின் நடுவே திணிக்கப்படும் கேள்வியைப் பற்றியது. பயனர் தானே தேடி வகுக்கும் விதியைப் பற்றியதன்று. மேலும் விதியை ஒவ்வொருவரும் அடியிலிருந்து எழுத வேண்டியதில்லை. பயனரின் அடையாளத்தை மறைக்க உதவும் டோர் உலாவி நோஸ்கிரிப்டைத் தன்னுள் கொண்டு, பயனருக்கு மூன்று பாதுகாப்பு நிலைகளை மட்டும் முன்வைக்கிறது. நடு நிலையைத் தேர்ந்தவருக்கு, மறையாக்கம் இல்லாத தளங்களில் ஜாவாஸ்கிரிப்ட் இயங்காது. உச்ச நிலையில் எங்குமே இயங்காது. வல்லுநர் வகுத்த விதியை மற்றவர் ஒரே தேர்வில் ஏற்க முடியும் என்பதற்கு இது போதிய சான்று.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது. தளங்களைக் கட்டுப்படுத்தும் நீட்சிக்கு எல்லாத் தளங்களையும் பார்க்கும் அதிகாரம் தேவைப்படுகிறதே, அதை யார் கட்டுப்படுத்துவது? இந்த அச்சம் கற்பனையானதன்று. 2009 மே மாதத்தில் நோஸ்கிரிப்ட்டே ஆட்பிளாக் பிளஸ் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சியின் செயல்பாட்டில் தலையிட்டுத் தன் தளத்து விளம்பரங்களை அனுமதிக்கச் செய்தது. கண்டனம் எழுந்தபின் மவோனே மன்னிப்புக் கேட்டார். கிரேட் சஸ்பெண்டர் என்ற பரவலான நீட்சி 2020இல் கைமாறி, 2021 பிப்ரவரியில் தீங்கான நிரல் கொண்டதாக குரோமிலிருந்து நீக்கப்பட்டது. இவற்றுக்கு விடை நீட்சிகளை முடக்குவதன்று. அவற்றையும் தளவாரி அனுமதிக்குள் கொண்டுவருவதே. 2018 அக்டோபரில் வந்த குரோம் 70, ஒரு நீட்சி எந்தெந்தத் தளங்களைத் தொடலாம் என்பதைப் பயனரே வரையறுக்க வழி செய்தது சரியான நகர்வு. நீட்சிகளுக்கான கூகுளின் மூன்றாம் மேனிஃபெஸ்ட் விதிமுறையில், பக்கத்தைப் படிக்காமலே தடுப்பு விதிகளை உலாவியிடம் ஒப்படைக்கும் ஏற்பாடும் உண்மையான ஆதாயமே. ஆனால் நீட்சி தானே ஒவ்வொரு கோரிக்கையையும் ஆராய்ந்து தடுக்கும் ஆற்றலை அதே விதிமுறை பொதுப் பயனரின் நீட்சிகளிடமிருந்து பறித்தது. யூமேட்ரிக்ஸ் போன்ற புதிய சிந்தனைகள், உலாவி முன்கூட்டி எண்ணிப் பார்க்காத விதிகளிலிருந்தே பிறந்தன. உலாவி நிறுவனம் வகுத்த விதி வடிவங்களுக்குள் மட்டுமே எழுத முடியுமானால், அடுத்த கண்டுபிடிப்புக்கு இடமிராது. மோசில்லா பழைய ஆற்றலையும் புதிய விதிமுறையோடு தக்கவைத்திருப்பது, இவற்றில் ஒன்றை இழந்துதான் மற்றொன்றைப் பெற வேண்டும் என்பதில்லை எனக் காட்டுகிறது.

இந்த வரலாற்றிலிருந்து பெறப்படும் முடிவு, எல்லாரும் நீட்சிகளை நிறுவ வேண்டும் என்பதன்று. உலாவி நிறுவனங்களில் சில விளம்பர வருவாயையும் நம்பி இயங்குபவை. தளங்களின் வசதிக்கும் பயனரின் காப்புக்கும் இடையே அவை எப்போதும் நடுநிலையாக நிற்கும் என எதிர்பார்க்க முடியாது. அவற்றுக்கு வெளியே ஒருவர் மாற்று விதியை எழுதி, இயங்கச் செய்து, பயன் உண்டெனக் காட்டும் வழி திறந்திருந்ததால்தான் அறிவிப்பு வினவல்களின் கட்டுப்பாடு போன்றவை கடைசியில் கோடிக்கணக்கானோருக்கு இயல்பாகக் கிடைத்தன. ஆகவே உலாவிகளின் விதிமுறைகளை மதிப்பிடுவோர், அவை இன்று எத்தனை அமைப்பு விசைகளைத் தருகின்றன என்று மட்டும் எண்ணக்கூடாது. நாளை ஒரு தனி நிரலர் நிறுவனத்தைவிடக் கடுமையான விதியைப் பயனருக்காக எழுத முடியுமா என்பதையும் கேட்க வேண்டும். இதுவரை அந்தக் கேள்விக்கு 'முடியும்' என்ற விடை இருந்த காலங்களில்தான் தளவாரி அனுமதி முன்னேறியிருக்கிறது.