மெலிந்த உடலில் கொழுப்புக் கல்லீரல்: லண்டன் ஆய்வுகளும் உணவு குறித்த சர்ச்சையும்

2004 ஆம் ஆண்டில், லண்டனிலிருந்து வெளிவரும் லான்செட் மருத்துவ சஞ்சிகையில் இரண்டு மருத்துவர்கள் அருகருகே நிற்கும் புகைப்படம் ஒன்று வெளியானது. ஒருவர் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஜான் எஸ். யுட்கின். மற்றவர் புனே நகரின் கேஇஎம் மருத்துவமனையைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக். இருவரின் உடல் நிறைக் குறியீட்டெண்ணும் 22.3 தான். வழக்கமான அளவுகோலின்படி இருவருமே பருமன் இல்லாதவர்கள். ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பின் பங்கு 9.1 சதவீதம்; யாஜ்னிக்கின் உடலில் அது 21.2 சதவீதம்.

தெற்காசியர்களின் உடல்நலம் குறித்த விவாதங்களில் இந்தப் படம் இன்றளவும் மேற்கோள் காட்டப்படுகிறது. எடை இயந்திரம் காட்டும் எண் ஒன்றாக இருந்தாலும், உடலுக்குள் கொழுப்பு எவ்வளவு இருக்கிறது, எங்கே தேங்குகிறது என்பது வேறாக இருக்கலாம் என்பதே அது உணர்த்தும் செய்தி. அவ்வாறு கொழுப்பு தேங்கும் இடங்களில் மிக முக்கியமானது கல்லீரல்.

கல்லீரலின் எடையில் ஐந்து சதவீதத்துக்கு மேல் கொழுப்பு சேருமானால் அது கொழுப்புக் கல்லீரல் எனப்படுகிறது. பெரும்பாலும் வலியோ வேறு அறிகுறியோ இருப்பதில்லை. ஆனால் ஒரு பகுதியினருக்கு அது அழற்சியாகவும், பின்னர் தழும்பாகவும், இறுதியில் கல்லீரல் சுருக்க நோயாகவும் மாறக்கூடும். மது அருந்தாதவர்களுக்கும் இது வரும் என்பதால், மது சாராத கொழுப்புக் கல்லீரல் நோய் என்று நெடுங்காலம் அழைக்கப்பட்டது. 2023 ஆம் ஆண்டில் சர்வதேச மருத்துவ அமைப்புகள், வளர்சிதை மாற்றக் கோளாறுடன் தொடர்புடைய கொழுப்புக் கல்லீரல் நோய் என்று அதற்குப் புதிய பெயர் சூட்டின.

சென்னையில் நடத்தப்பட்டு 2009 இல் வெளியான ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட வயது வந்தோரில் 32 சதவீதத்தினருக்கு இந்நோய் இருப்பது கண்டறியப்பட்டது. இலங்கையின் ராகம நகர்ப்புறத்தில் நடத்தப்பட்டு அதே ஆண்டில் வெளியான ஆய்வின் முடிவு 32.6 சதவீதம். பாக்கு நீரிணையின் இரு புறமும் ஏறத்தாழ மூவரில் ஒருவர் என்பதே நிலைமை.

சவுத்தால் தந்த எச்சரிக்கை

லண்டனில் இந்தப் பிரச்சினையின் மீது வெளிச்சம் விழுந்தது நீரிழிவு மற்றும் இருதய நோய் ஆய்வுகளின் வழியாகத்தான். தெற்காசியர்கள் செறிந்து வாழும் சவுத்தால் உள்ளிட்ட மேற்கு லண்டன் பகுதிகளில் 1980களின் பிற்பகுதியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் பரிசோதிக்கப்பட்டனர். பால் மெக்கீக், பேலா ஷா, மைக்கேல் மார்மட் ஆகியோர் 1991 இல் வெளியிட்ட முடிவுகளின்படி, ஐரோப்பியர்களில் 4 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. தெற்காசியர்களில் அது 19 சதவீதம்.

பஞ்சாபியர், குஜராத்தியர், வங்காளிகள் என்று உணவாலும் மதத்தாலும் வேறுபட்ட சமூகங்கள் அனைத்திலும் இந்தப் போக்கு காணப்பட்டது. வயிற்றுப் பகுதியில் சேரும் கொழுப்பும், இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காத நிலையும் இவர்களிடையே பொதுவாக இருந்தன.

2006 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மெலிந்த, ஆரோக்கியமான இளைஞர்களைப் பரிசோதித்தபோது, இந்திய வம்சாவளி ஆண்களின் கல்லீரலில் மற்றவர்களைப் போல ஏறத்தாழ இரு மடங்கு கொழுப்பு இருப்பதைக் கண்டனர். தோலுக்கு அடியில் கொழுப்பைச் சேமிக்கும் இடம் தெற்காசியர்களுக்கு விரைவில் நிரம்பிவிடுவதாகவும், மிஞ்சியது கல்லீரலுக்கும் கணையத்துக்கும் வழிந்து செல்வதாகவும் ஒரு விளக்கம் உண்டு.

இத்தகைய சான்றுகளின் அடிப்படையில், பிரிட்டனில் தெற்காசியர்களுக்கு உடல் நிறைக் குறியீட்டெண் 23 ஐத் தாண்டினாலே அபாயம் கூடுவதாகவும், 27.5 ஐத் தாண்டினால் அதிக அபாயம் எனவும் கருதப்படுகிறது. பொதுவான அளவுகோல்களோ 25 மற்றும் 30 ஆகும். இடுப்புச் சுற்றளவைப் பொறுத்தவரை தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லைகளாகக் கொள்ளப்படுகின்றன.

உயிரணுவின் உலைக்களம்

ஓய்வில் இருக்கும் உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைக் கல்லீரலே எடுத்துக்கொள்கிறது. உணவுக்குப் பின்னர் சுமார் 100 கிராம் அளவுக்கு மாவுச்சத்தை கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்து, இரவிலும் பட்டினி நேரத்திலும் இரத்தத்துக்குச் சர்க்கரையாக வழங்குவதும் அதன் பணிதான்.

இந்த வேலைகளுக்குத் தேவையான சக்தியை உயிரணுக்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகள் தயாரிக்கின்றன. அவை எவ்வாறு இயங்குகின்றன என்பதை 1961 இல் விளக்கி, 1978 இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்ற பீட்டர் மிட்செல் பிறந்த ஊர் மிச்சம். ஈழத் தமிழர்கள் பெருமளவில் குடியேறிய டூட்டிங்கை அடுத்துள்ள அப்பகுதி இன்று தெற்கு லண்டனின் ஓர் அங்கம்.

கல்லீரலுக்கு வந்து சேரும் கொழுப்பை எரிப்பதோ, பொதி கட்டி இரத்தத்துக்கு அனுப்புவதோ நடக்க வேண்டும். வரவு மிகுந்து, இவ்விரண்டும் போதாமல் போகும்போதே தேக்கம் ஏற்படுகிறது. அமெரிக்காவில் 2005 இல் வெளியான ஓர் ஆய்வின்படி, நோயாளிகளின் கல்லீரல் கொழுப்பில் 59 சதவீதம் உடலின் கொழுப்புத் திசுக்களிலிருந்து கசிந்து வந்தது. 26 சதவீதம் மாவுச்சத்து, சர்க்கரை போன்றவற்றிலிருந்து கல்லீரலே உருவாக்கிக் கொண்டது. உணவிலுள்ள கொழுப்பிலிருந்து நேரடியாக வந்தது 15 சதவீதம் மட்டுமே. எண்ணெயைத் தவிர்த்துவிட்டுச் சோற்றையும் சீனியையும் குறைக்காதவர்களின் கல்லீரல் ஏன் தேறுவதில்லை என்பதற்கு இதில் ஓரளவு விடை இருக்கிறது.

உயிர்ச்சக்தி உணவுமுறையின் வாதம்

நோயின் வேர் உயிரணுவின் சக்தி உற்பத்தி குன்றுவதே என்ற கருத்தை மையமாகக் கொண்டு ஓர் உணவுமுறை கடந்த சில ஆண்டுகளில் பரவி வருகிறது. 2022 இல் காலமான அமெரிக்க உயிரியலாளர் ரே பீட் என்பவரின் எழுத்துக்களே இதற்கு முக்கிய ஊற்று. தைராய்டு சுரப்பியின் செயற்பாட்டை உயர்த்த வேண்டும். விதைகளிலிருந்து எடுக்கப்படும் எண்ணெய்களைத் தவிர்க்க வேண்டும். தேங்காய் எண்ணெய், பால், முட்டை ஆகியவற்றை உண்ண வேண்டும். பழச்சாறு, தேன், சர்க்கரை ஆகியவற்றுக்கு அஞ்ச வேண்டியதில்லை என்பவை அதன் சாரம்.

இவற்றுள் சில கருத்துக்களுக்கு அறிவியல் ஆதாரம் உண்டு. முட்டையில் நிறைந்துள்ள கோலின் என்ற சத்து குறைந்தால் கல்லீரலில் கொழுப்பு படியும் என்பதை, இன்சுலின் கண்டுபிடிப்பில் பங்காற்றிய சார்ல்ஸ் பெஸ்ட்டின் ஆய்வுக்குழு 1930களிலேயே விலங்குகளில் காட்டியது. கொழுப்பைப் பொதி கட்டி வெளியே அனுப்பக் கோலின் அவசியம்.

தைராய்டு குறித்த வாதமும் முற்றிலும் ஆதாரமற்றதல்ல. 2024 மார்ச்சில் அமெரிக்கா அங்கீகரித்த ரெஸ்மெட்டிரோம் என்ற மருந்து, கல்லீரலில் தைராய்டு ஹார்மோனுக்கான ஓர் ஏற்பியைத் தூண்டியே கொழுப்பைக் குறைக்கிறது. ஆனால் இதயத்தில் செயற்படும் மற்றோர் ஏற்பியைப் பெரும்பாலும் தொடாதவாறு அது வடிவமைக்கப்பட்டுள்ளது. தைராய்டு மாத்திரைகளைத் தாமாகவே வாங்கி உண்பவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இதயத் துடிப்புக் கோளாறும் எலும்புத் தேய்மானமும் அவர்களுக்கு ஏற்படக்கூடும்.

சோதனை சொன்னது என்ன?

கொழுப்பு, சர்க்கரை ஆகியவை குறித்த வாதங்களை நேரடியாகச் சோதித்த ஆய்வு ஒன்று பின்லாந்தில் நடத்தப்பட்டு 2018 இல் வெளியானது. எடை கூடியவர்களுக்கு மூன்று வாரங்கள் நாள்தோறும் 1000 கலோரி மேலதிகமாக வழங்கப்பட்டது. தேங்காய் எண்ணெய், வெண்ணெய், பாலாடைக்கட்டி ஆகியவற்றை உண்டவர்களின் கல்லீரல் கொழுப்பு 55 சதவீதம் கூடியது. ஆரஞ்சுச் சாறு, இனிப்புப் பானம், மிட்டாய் உண்டவர்களுக்கு 33 சதவீதம் கூடியது. ஆலிவ் எண்ணெய், கொட்டைகள் போன்ற நிறைவுறாக் கொழுப்பு உண்டவர்களுக்கு 15 சதவீதம் மட்டுமே கூடியது.

சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகம் 2014 இல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையில் அமைந்தது. பாமாயில் சேர்த்த கேக் உண்டவர்களும், சூரியகாந்தி எண்ணெய் சேர்த்த கேக் உண்டவர்களும் ஒரே அளவு எடை கூடினர். ஆனால் கல்லீரலில் கொழுப்பு கணிசமாக ஏறியது பாமாயில் உண்டவர்களுக்கே.

நிறைவுறாக் கொழுப்பு எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் என்பது வேதியியல் ரீதியாக உண்மைதான். எனினும் சோதனைக் குழாயில் உண்மையாக இருப்பது உடல் முழுவதற்கும் அப்படியே பொருந்துவதில்லை என்பதை இம்முடிவுகள் காட்டுகின்றன.

சர்க்கரையைப் பொறுத்தவரையும் நிலைமை அவ்வாறே. அமெரிக்காவில் கொழுப்புக் கல்லீரல் கொண்ட பதின்ம வயதுச் சிறுவர்களுக்கு எட்டு வாரங்கள் சீனி மிகக் குறைந்த உணவு தரப்பட்டபோது, கல்லீரல் கொழுப்பு 25 சதவீதத்திலிருந்து 17 சதவீதமாக இறங்கியது. வழக்கமான உணவை உண்டவர்களுக்கு 21 இலிருந்து 20 ஆக மட்டுமே மாறியது. இந்த ஆய்வு 2019 இல் வெளியானது.

பிரிட்டனில் வயது வந்தோருக்கு நாளொன்றுக்கு 30 கிராமுக்கு மேல் சேர்க்கப்பட்ட சர்க்கரை வேண்டாம் என்பது பரிந்துரை. பழச்சாற்றிலும் தேனிலும் உள்ள சர்க்கரையும் இதில் அடங்கும். முழுப் பழம் இதில் சேராது. தேநீருக்கு இரண்டு தேக்கரண்டி சீனி வீதம் ஐந்து முறை அருந்துபவர், தேநீரில் மட்டுமே சுமார் 40 கிராமைத் தொட்டுவிடுகிறார்.

அதேநேரம், பின்லாந்து ஆய்வில் தரப்பட்டது அளவுக்கு மீறிய உணவு என்பதையும் கவனத்தில் கொள்ள வேண்டும். அளவான உணவில் சேரும் தேங்காய்ப்பால் சொதியையோ சம்பலையோ அது நேரடியாகக் குற்றவாளி ஆக்கவில்லை. ஆனால் தேங்காய் எண்ணெய் கல்லீரலுக்கு மருந்து என்ற கூற்றுக்கு அங்கே ஆதரவும் இல்லை.

மீளக்கூடிய நோய்

நம்பிக்கை தரும் செய்தி நியூகாசில் பல்கலைக்கழகத்தின் ராய் டெய்லர் மேற்கொண்ட ஆய்வுகளிலிருந்து வந்தது. 2011 இல் வெளியான சிறிய ஆய்வில், நீரிழிவு உள்ள 11 பேருக்கு எட்டு வாரங்கள் நாளொன்றுக்கு சுமார் 600 கலோரி மட்டுமே வழங்கப்பட்டது. முதல் வாரத்திலேயே கல்லீரல் கொழுப்பு 30 சதவீதம் குறைந்தது. எட்டாவது வார முடிவில் அது 13 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாக இறங்கியது.

2017 இல் வெளியான பெரிய ஆய்வில், இத்தகைய உணவுத் திட்டத்தில் சேர்ந்தவர்களில் 46 சதவீதத்தினர் ஓராண்டில் மருந்தின்றி நீரிழிவிலிருந்து விடுபட்டனர். பருமன் இல்லாத நீரிழிவாளர்கள் 20 பேரிடம் பின்னர் நடத்தப்பட்ட ஆய்வில் 14 பேருக்கு அதே பலன் கிடைத்தது. மெலிந்தவர்களுக்கும் உள்ளுறுப்புகளில் மிஞ்சிய கொழுப்பு இருக்கக்கூடும், அதைக் கரைக்கவும் முடியும் என்பதற்கு இது சான்று. இத்தகைய கடும் உணவுக் கட்டுப்பாட்டை மருத்துவக் கண்காணிப்பின்றி, குறிப்பாக நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்பவர்கள், மேற்கொள்வது ஆபத்தானது.

பொதுவாக உடல் எடையில் ஐந்து முதல் ஏழு சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு கணிசமாகக் கரைகிறது. பத்து சதவீதம் குறைந்தால் தழும்பும் மட்டுப்பட வாய்ப்புண்டு என்று மருத்துவர்கள் கூறுகின்றனர்.

கண்டறிவதில்தான் சிக்கல். வழக்கமான இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகள் இயல்பாக இருந்தாலும் நோய் இருக்கக்கூடும். நீரிழிவு உள்ளவர்களும், இடுப்புச் சுற்றளவு எல்லையைத் தாண்டியவர்களும், கல்லீரலில் தழும்பு ஏற்பட்டுள்ளதா என்று பார்க்கும் பரிசோதனை குறித்துக் குடும்ப மருத்துவரிடம் கேட்பது பயன் தரும்.

உயிரணுவின் சக்தியே ஆரோக்கியத்தின் அடிப்படை என்பதில் உயிர்ச்சக்தி உணவுமுறையாளர்களுக்கும் மருத்துவர்களுக்கும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அந்த உலைக்களத்துக்கு மேலும் எரிபொருள் தேவையா, அல்லது ஏற்கனவே குவிந்து கிடப்பதை எரிக்க அவகாசம் தேவையா என்பதே கேள்வி. கல்லீரலில் கொழுப்பு தேங்கிய பெரும்பாலானோரைப் பொறுத்தவரை, இதுவரை கிடைத்துள்ள சான்றுகள் இரண்டாவது பதிலையே சுட்டுகின்றன.