பனியன் கம்பெனியின் கம்ப்யூட்டர் ரூம்

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குள் கம்ப்யூட்டர் வந்தபோது, அதைப் பார்த்துக்கொள்ள ஐடி துறை என்று எதுவும் இல்லை. அக்கவுண்ட்ஸ் பகுதியை ஒட்டி ஒரு கண்ணாடித் தடுப்பு, உள்ளே ஒரு ஏசி. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பஞ்சுத் தூசி ஃபிளாப்பி டிரைவைக் கெடுத்துவிடும் என்ற பயம். முதலாளிக்கும் இதில் விலக்கில்லை. அந்த அறைக்குப் பொறுப்பு 'கம்ப்யூட்டர் தம்பி'. இன்று ஐடி மேனேஜர் என்று விசிட்டிங் கார்டு வைத்திருக்கும் என்னைப் போன்ற பலர் அந்த நாற்காலியிலிருந்து வந்தவர்கள்தான்.

கணக்குக்கு டேலி. ஆலைகளுக்குப் பொருள் விற்றுவந்த ஷ்யாம் சுந்தர் கோயங்கா, தன் தொழிலுக்குத் தோதான கணக்கு மென்பொருள் கிடைக்காமல், மகன் பரத்தை எழுதச் சொன்னார். 1986-இல் பியூட்ரானிக்ஸ் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம்தான் பின்னாளில் டேலி ஆனது.

எங்கள் ஊர்க் கூலிக் கணக்கு அதற்குள் அடங்கவில்லை. ஓவர்லாக் தையலுக்கு ஒரு பீஸ் ரேட், பேட்லாக் தையலுக்கு வேறொன்று, செக்கிங்குக்கு ஷிப்டுக் கூலி, சனிக்கிழமை பட்டுவாடா. இதற்கென்று ஃபாக்ஸ்ப்ரோ என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் தனியாக புரோகிராம் எழுதினார்கள். அதில் ஒரு ஃபீல்டின் பெயர் பத்து எழுத்தைத் தாண்டக்கூடாது. அதனால் எல்லாம் சுருக்கெழுத்து. எழுதியவர் அடுத்த கம்பெனிக்குப் போனால் சூட்சுமமும் கூடவே போய்விடும்.

1995 ஆகஸ்ட் 15-இல் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தது. ஃபேக்ஸில் வந்த பையர் ஆர்டர்கள் மெல்ல மெயிலுக்கு மாறின. 2017 மே மாதம் உலகையே உலுக்கிய வான்னாக்ரை ரேன்சம்வேர், பேக்கப் எடுக்காதவர்களுக்குப் பாடம் நடத்தியது. அதே ஆண்டு ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தது; வரிக் கணக்குக்கும் கம்ப்யூட்டர் ரூம் தவிர்க்க முடியாததானது. ஒவ்வொரு முறையும் கருவி முதலில் வந்தது. அதை யார் தொடலாம், யார் சரிபார்க்க வேண்டும் என்ற ஒழுங்கு பிந்தித்தான் வந்தது.

2022 நவம்பர் 30-இல் சாட்ஜிபிடி என்ற ஏஐ வெளியானபோதும் அதே கதைதான். நிர்வாகம் யோசிப்பதற்குள், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்கள் பையருக்கான பதிலை அதில் எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

புதிய மென்பொருளுக்கு மாறும் முன், பழைய கூலிப் புரோகிராமைப் படிக்க எங்கள் ஐடி துறை அதைப் பயன்படுத்திப் பார்த்தது. ஃபாக்ஸ்ப்ரோ வரிசையின் கடைசிப் பதிப்பு 2004-இல் வந்தது. மைக்ரோசாஃப்ட் 2015-இல் ஆதரவையும் நிறுத்திவிட்டது. அந்தப் புரோகிராமை ஏஐ படித்து, ஒவ்வொரு பத்தியும் என்ன செய்கிறது என்று தமிழிலேயே சொன்னது. ஒரே இடத்தில் சறுக்கியது. DPADV என்ற சுருக்கெழுத்தை 'துறை முன்பணம்' என்று அடித்துச் சொன்னது. பழைய கணக்கர் பார்த்த மாத்திரத்தில் சிரித்தார்: "தீபாவளி அட்வான்ஸ் சார் அது. பொங்கலுக்குள்ள பிடிச்சிருவோம்." அவரைக் கேட்காமல் புதிய மென்பொருளுக்கு மாறியிருந்தால், தையல்காரர்களின் சம்பளத்தில் பிடித்தம் தாறுமாறாகியிருக்கும்.

அதன் பிறகு எங்கள் துறையில் சில விதிகள் எழுத்தில் இருக்கின்றன. பையர் விலை, தொழிலாளரின் ஆதார் எண், பாஸ்வேர்டு மூன்றும் ஏஐக்குப் போகக்கூடாது. ஏஐ எழுதிய கோட், சோதனை சர்வரில் ஓடிய பிறகே சம்பளக் கணக்கைத் தொடும். சரிபார்த்தவர் பெயர் பதிவேட்டில் இருக்கும்.

சிறு கம்பெனியில் ஐடி துறையை நடத்துபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஏஐக்குச் சந்தா கட்டும் முன், உங்கள் பழைய கணக்கரை உட்காரவைத்து அவருக்குத் தெரிந்ததை எழுதி வாங்கிவிடுங்கள். அவர் ஓய்வு பெற்ற பிறகு எந்த ஏஐயிடமும் அதைக் கேட்க முடியாது.